வாசலுக்கு நடுவே ஒரு பிளவு

நூன்கிஷு காலையில் எழுந்து வெளியே வந்தால், முதல் வேலையாக எதிரே சக்களத்தி வீட்டுக் கூரையில் புகை வருகிறதா என்று பார்ப்பாள். புருஷன் எங்கே, மாடு எங்கே என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். புகை வந்திருந்தால், "எழுந்துட்டாளா மகாராணி" என்று முணுமுணுப்பாள். வராவிட்டால், "இன்னும் தூங்குறாளா மகாராணி" என்று முணுமுணுப்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

சுஸ்வா மலைச்சரிவில் மூன்று நாள் அடைமழை கொட்டி ஓய்ந்த அன்றும் அப்படித்தான் வெளியே வந்தாள். புகை இருந்தது. வாசல்தான் இல்லை.

முள்வேலி வளைத்த அந்தக் குடியிருப்புக்கு ஒரே வாசல். இரண்டு பக்கமும் இரண்டு கம்பம். உள்ளே நுழைந்தால் வலக்கைப் பக்கம் மூத்தவள் நூன்கிஷுவின் வீடு, இடக்கைப் பக்கம் இளையவள் ரெசியாதோவின் வீடு. மாசாய்க் குடும்பத்தில் மூத்தவள் என்றால் வலதுதான், அதில் பேச்சே கிடையாது. இப்போது இரண்டு கம்பமும் நின்ற இடத்திலேயே நின்றன. நடுவில் தரை இல்லை. இரண்டு மாடுகள் வரிசையாகப் படுத்தாலும் எட்டாத அகலத்துக்கு வெடிப்பு, கீழே பார்த்தால் இருட்டு. வேலியைக் கிழித்துக்கொண்டு மேலேயும் கீழேயும் கண்ணுக்கெட்டின தூரம் ஓடியது. போகிற போக்கில் நூன்கிஷுவின் வீட்டுப் பக்கமாக வளைந்து, அவள் சுவருக்குப் பதினைந்து அடி தள்ளிப் போயிருந்தது.

"ஏய் பாக்கேர்!" என்று கத்தினாள் நூன்கிஷு. "உசிரோட இருக்கியாடி?"

ரெசியாதோ கல்யாணமாகி வந்த அன்று மூத்தவள் அவளுக்கு ஒரு பெண்ணாடு கொடுத்தாள். ஆடு கொடுத்தவளும் வாங்கினவளும் ஆயுசுக்கும் ஒருவரை ஒருவர் 'பாக்கேர்' என்றுதான் கூப்பிட வேண்டும், பேர் சொல்லக் கூடாது. சண்டை வந்தால் மட்டும் அந்த வார்த்தை காணாமல் போய்விடும். அப்போது இவள் 'இடதுபக்கத்துக்காரி', அவள் 'வலதுபக்கத்துக்காரி'.

எதிர்க்கரையில் ரெசியாதோ குனிந்து வெளியே வந்தாள். வெடிப்பைப் பார்த்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள். "இருக்கேன் பாக்கேர். நீ? வீடு நிக்குதா?"

"நிக்குது. அந்த மனுஷன் எங்க?"

"சிலாந்தோய் அப்பாவா? இங்கதான். இப்பதான் எழுந்திரிக்கிறார்."

புருஷன் மெபுகோரி சிவப்புப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கண்ணைக் கசக்கியபடி வந்தார். நடந்தது என்னவென்று புரியாமல் வழக்கம்போல மூத்தவள் வீட்டுக்குத் தேநீர் குடிக்கக் காலை எடுத்து வைக்கப் போனவரை ரெசியாதோ போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கேயே நில்லுங்க சாமி!" என்று இந்தக் கரையிலிருந்து அலறினாள் நூன்கிஷு. "உள்ள விழுந்தா உங்களத் தூக்கறதுக்கு எங்களுக்குத் தெம்பு கிடையாது!"

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து. அக்கரைக்குப் போக வேண்டுமானால் மலையிறங்கி, வெடிப்பு முடிகிற இடம்வரை போய்ச் சுற்றி வர வேண்டும், ஒன்றரை மணி நேர நடை. மாடுகளெல்லாம் நூன்கிஷு பக்கத்துப் பட்டியில் சிக்கிக்கொண்டன. தண்ணீரோ ரெசியாதோ பக்கம். அந்த மலையில் ஆறு கிடையாது, கிணறு கிடையாது. பூமிக்குள்ளிருந்து கொதித்து வரும் ஆவியைக் குழாய் வைத்துப் பிடித்து, அது குளிர்ந்து சொட்டுச் சொட்டாகப் பீப்பாயில் விழுவதைத்தான் எல்லோரும் குடிக்கிறார்கள். ரெசியாதோ வீட்டுக்குப் பின்னால் அப்படி ஒரு ஆவித்துளை இருந்தது. ஆக, ஒரு கயிற்றை அந்தக் கம்பத்துக்கும் இந்தக் கம்பத்துக்கும் கட்டி, இங்கிருந்து பால் குடுக்கையும் அங்கிருந்து தண்ணீர்க் கேனும் போய் வந்துகொண்டிருந்தன.

"பால்ல தண்ணி கலந்தியா வலதுபக்கத்துக்காரி?"

"தண்ணியே உங்கிட்டதான்டி இருக்கு, நான் எங்க போய்க் கலப்பேன்?"

போனில் பேசிக்கொள்ளலாமே, தொண்டை வலிக்காதே என்று மெபுகோரி சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரும் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்கள். சண்டையைப் போனில் போட்டால் அது என்ன சண்டை?

மூன்றாம் நாள் நைரோபியிலிருந்து நில ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி வண்டியில் வந்து இறங்கினாள். பேர் அகேயோ. ஏரிப் பக்கத்து லுவோ இனப் பெண், நல்ல உயரம். காலில் பெரிய பூட்ஸ், கழுத்தில் கேமரா. இரண்டு நாள் வெடிப்போடு கூடவே நடந்தாள், கயிறு கட்டி உள்ளே இறங்கி மண்ணை அள்ளினாள், அளந்தாள், எழுதினாள். கடைசியில் நூன்கிஷு கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு கரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இது இப்ப வெடிச்சதில்ல. ரொம்பப் பழைய வெடிப்பு. எரிமலைச் சாம்பல் வந்து மூடி வச்சிருந்தது. இந்த மழை சாம்பல அரிச்சுக்கிட்டுப் போயிடுச்சு, அவ்வளவுதான். ஆமா, வாசல் எப்படிக் கரெக்டா அதுக்கு மேலயே வச்சீங்க?"

நூன்கிஷு மெல்லத் தலையைத் திருப்பி அக்கரையில் நின்ற புருஷனைப் பார்த்தாள். ஊர்க்காரர்கள் எல்லாம் கம்பக்குழி தோண்ட இரண்டு நாள் பாறையோடு மல்லுக்கட்டுவார்கள். இவர் மட்டும் அரை நாளில் தோண்டி முடித்துவிட்டு, 'என் கைப்பலம் பார்த்தியா' என்று வருஷக்கணக்காகப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். மண் ஏன் அவ்வளவு மெத்தென்று இருந்தது என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை மனுஷன்.

"சிலாந்தோய் அப்பா! உங்க கைப்பலத்தப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம்!"

மெபுகோரி காது கேட்காதவர்போல மாட்டைப் பார்க்கப் போனார். அந்தப் பக்கம் மாடே கிடையாது.

"சரி தாயி, அந்தப் பழைய வெடிப்பு எதுக்கு வந்தது?" என்று கேட்டாள் நூன்கிஷு.

அகேயோ தேநீரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் தரைக்குச் சமமாக ஒட்டி நீட்டினாள். "பூமியோட மேல்தோல் ஒரே துண்டு இல்லம்மா. பெரிய பெரிய தட்டுகளா இருக்கு. நம்ம காலடியில மேற்க ஒண்ணு, கிழக்க ஒண்ணு. அடியிலேருந்து சூடு மேல தள்ளுது, தோல் இழுபட்டு மெலிஞ்சு நடுவுல கிழியுது." கைகளை மெல்ல விலக்கினாள்.

"புதுசா சாணி பூசின கூரை மாதிரி. அடியில குச்சி எம்பிச்சுன்னா காய்ஞ்ச பூச்சு பிளந்துக்கும்."

"அதேதான்! இந்தப் பள்ளத்தாக்கு பூராவும் அப்படி இழுபட்டு இறங்கினதுதான். நீங்க குடிக்கிற ஆவியும் இந்த மாதிரி வெடிப்பு வழியாத்தான் மேல வருது."

"எல்லா ஊர்லயும் இப்படித்தானா?"

"இல்ல, இல்ல. சில இடத்துல ரெண்டு தட்டும் நேருக்கு நேர் முட்டும். ஒண்ணும் விட்டுக்குடுக்காது, நடுவுல நிலம் கசங்கி மலையா எழும்பிடும். சில இடத்துல ஒண்ணு குனிஞ்சு இன்னொண்ணுக்கு அடியில போயிடும், போற வழியெல்லாம் எரிமலை. இன்னும் சில இடத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உரசிக்கிட்டே நகரும். வருஷக்கணக்கா இறுகிக்கிட்டு அசையாம இருக்கும், திடீர்னு ஒரு நாள் வெடுக்குனு நழுவும். ஊரே ஆடிப்போயிடும்."

நூன்கிஷு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட, எல்லா வகையும் எங்க வீட்டுலயே இருக்குதே! இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?"

"நீ எந்த வகைன்னு கேளு!" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது. ரெசியாதோ இவ்வளவு நேரம் குழாயைத் துடைக்கிற சாக்கில் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "குனியற வகை மட்டும் நிச்சயமா இல்ல!"

"நீ குனிஞ்சியாடி ஒரு நாளாவது?"

அகேயோவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் நூன்கிஷு கேட்டாள், "இது திரும்ப மூடிக்குமா?"

"மூடாதும்மா. மண்ணப் போட்டு மேல தூர்க்கலாம், ஆனா அடியில இது பிரியற வகை. வருஷத்துக்கு ஒரு மாட்டு உண்ணி பருமன் விலகும். ரொம்ப மெதுவாத்தான். ஆனா ஒவ்வொரு வருஷமும் விலகும். கோடிக்கணக்கான வருஷம் போனா நடுவுல கடலே வந்துடும்."

நூன்கிஷு எதிர்க்கரைக் கூரைப் புகையைப் பார்த்தாள். "உரசற வகையே தேவலாம்," என்றாள். "ஊர் ஆடினாலும் பக்கத்துலயாவது இருக்கும்."

போவதற்கு முன் அகேயோ கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள்: வெடிப்புக்கு இரண்டு பக்கமும் நாற்பது அடிக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. ரெசியாதோவின் வீடு அதற்கு அப்பால்தான் இருந்தது, அவளுக்குப் பிரச்சினையில்லை. நூன்கிஷு வீட்டைப் பிரித்துத் தள்ளிக் கட்டியாக வேண்டும்.

பெரியவர்கள் கூடினார்கள். ஓலே தெபேஸ் என்ற கிழவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு கம்பம் ரெண்டு நிலத்துல நின்னா அது வாசல் இல்ல. இந்தப் பக்கம் ஒரு வாசல், அந்தப் பக்கம் ஒரு வாசல் வச்சுக்கங்க. ரெண்டு குடியிருப்பு. மாட்டையும் பிரிச்சுக்கங்க. மெபுகோரி இங்க கொஞ்ச நாள், அங்க கொஞ்ச நாள் இருக்கட்டும். இந்தப் பொம்பளைங்க போடுற சத்தத்துக்கு நிலமே பார்த்து ஒரு வழி பண்ணியிருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். வாசல் வேறானால் குடும்பம் வேறு என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அப்புறம் ஒரே பட்டியில் மாடு அடையாது. ஒருத்தி வீட்டு நெருப்பை இன்னொருத்தி கொள்ளியில் வாங்கிப் போக மாட்டாள். பிள்ளைகளின் சடங்குகளில் இரண்டு பேரும் சேர்ந்து நிற்க முடியாது. அந்த இரண்டு பெண்களிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசியில் கிழவருக்கே என்ன தோன்றியதோ, "என்ன நூன்கிஷு, சம்மதம்தானே?" என்று கேட்டார்.

அங்கேதான் அவள் கெடுத்தாள். இத்தனை பேர் சிரித்த பிறகு 'சம்மதமில்லை' என்று சொல்ல அவள் வாய்க்கு வரவில்லை. மூக்குக்கு மேல் வந்த ரோஷத்தில், "எனக்கென்ன? விட்டது தொல்லை," என்றாள்.

அக்கரையில் ரெசியாதோ ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். "எனக்கும்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலம் தண்ணீர்க் கேன் வந்தது. கூட ஒரு வசவும் வரவில்லை.

நான்கு நாள் அப்படியே போயிற்று. கயிற்றில் பால் போகும், தண்ணீர் வரும், பேச்சில்லை. நூன்கிஷு வேண்டுமென்றே குடுக்கையைச் சரியாக மூடாமல் அனுப்பிப் பார்த்தாள், பாதிப் பால் வழியில் சிந்தட்டும், திட்டாவது வரட்டும் என்று. குடுக்கை கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ரெசியாதோவுக்குத் தலைப்பிள்ளை பிறந்த வருஷம் நினைவுக்கு வந்தது. இரண்டு மாதம் காய்ச்சலில் கிடந்தாள் இளையவள், ஒரு சொட்டுப் பால் இல்லை. பையனை நூன்கிஷுதான் மடியில் போட்டுக்கொண்டாள். தன் பெண் சிலாந்தோய்க்கு ஒரு பக்கம், அவள் பையனுக்கு ஒரு பக்கம். காய்ச்சல் விட்டு எழுந்து வந்த ரெசியாதோ நன்றி சொல்லவில்லை. "எம்புள்ளைக்கு ஏன் இடது பக்கம் குடுக்கிற?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தார்கள். அந்தப் பையன் இப்போது நாரோக் நகரத்துக் காலேஜில் படிக்கிறான். இந்த மலையில் தன்னை அப்படிச் சிரிக்க வைக்க இனி யார் இருக்கிறார்கள் என்று நூன்கிஷு எண்ணிப் பார்த்தாள். ஒரு ஆளும் தேறவில்லை.

ஐந்தாம் நாள் அக்கரையில் புது வாசலுக்குக் கம்பம் நடுவதாக ஏற்பாடு. இந்தப் பக்கத்து வாசல் மறுநாள். கம்பம் நட்டு, கிழவர் பாலைத் தெளித்து வாழ்த்திவிட்டால் முடிந்தது, அப்புறம் யார் நினைத்தாலும் மாற்ற முடியாது.

விடிந்ததும் நூன்கிஷு வீட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். காய்ந்த சாணிப் பூச்சைத் தட்டி உதிர்த்தாள், குச்சிகளை உருவினாள், தோல்களைச் சுருட்டினாள். தள்ளிக் கட்டப் போகிறாள் என்று நினைத்து யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லாவற்றையும் நான்கு கழுதைகள் மேல் ஏற்றினாள். மாடுகளைப் பக்கத்துக் குடியிருப்பில் ஒப்படைத்தாள். கழுதைகளை ஓட்டிக்கொண்டு மலையிறங்கினாள். வெடிப்பு முடிகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு வெயிலில் ஏறி வந்தாள். முட்டி வலி உயிர் போயிற்று, வழி நெடுக நிலத்தைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது குழிகள் தயார். பாறையில் தோண்டியிருந்ததால் மெபுகோரிக்கு இரண்டு நாள் பிடித்து, கை முழுக்கக் கொப்புளம். கம்பம் ஒன்று தோளில் இருந்தது. ஓலே தெபேஸ் பால் குடுக்கையோடு நின்றார். கழுதைகளையும் அவளையும் பார்த்து எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"சிலாந்தோய் அம்மா, என்ன இது?" என்றார் மெபுகோரி.

"வீடு. பார்த்தா தெரியல? எங்க இறக்கட்டும்?"

கிழவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தீர்ப்பு சொன்னமே, காதுல விழலையா? இது ரெசியாதோவோட குடியிருப்பு. இந்த வாசலுக்கு வலது பக்கம் அவ வீடு. அவதான் இங்க மூத்தவ. நீ இங்க வந்தா…" என்று சொல்லவே கூச்சப்பட்டு நிறுத்தினார். "இடது பக்கம்தான். ரெண்டாவதா வந்தவ இடம். சடங்குல அவளுக்குப் பின்னாலதான் நிக்கணும். இருபத்தஞ்சு வருஷம் வலது பக்கம் இருந்தவ நீ. யோசிச்சுத்தான் பேசறியா?"

"நாலு நாள் யோசிச்சேன். இடதுன்னா இடது," என்றாள் நூன்கிஷு. "அன்னைக்குத் தொல்லை விட்டதுன்னு சொன்னது பொய். வீறாப்புல சொன்னேன். அவ இல்லாத பக்கத்துல எனக்கு என்ன வலது வேண்டிக் கிடக்கு? நிலம் வருஷா வருஷம் விலகுமாம், அத நான் ஒண்ணும் பண்ண முடியாது. நான் விலக மாட்டேன்."

வீட்டு வாசலில் நின்றிருந்த ரெசியாதோ அவளைப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். நூன்கிஷு நாலடி முன்னால் போனாள். வர வேண்டாம் என்கிறாளோ? அன்றைக்கு நான் சொன்னது அவ்வளவு உறைத்துவிட்டதோ?

உள்ளிருந்து தொம் என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. வலது சுவர் வெளிப்பக்கமாகப் பிதுங்கி, சாணியும் மண்ணுமாகச் சரிந்து விழுந்தது. அந்த ஓட்டை வழியாகக் கோடரியோடு ரெசியாதோ தெரிந்தாள், தலையெல்லாம் புழுதி.

"அடிப் பாவி! என்னடி பண்றே?" என்று ஓடினாள் நூன்கிஷு.

"தெரியல? வீட்டப் பிரிக்கிறேன். இது உன் இடம். நான் அந்தப் பக்கம் போறேன்." கோடரி கூரைக் குச்சியில் விழுந்தது. "நீ என் பின்னாடி நின்னா எனக்கு முதுகு கூசும் பாக்கேர்! அதுவும் உன்ன மாதிரி வாய வச்சுக்கிட்டு. நான் எப்படிச் சமாளிப்பேன்? மூத்தவளா இருக்கிறதெல்லாம் என்னால ஆகாது. போ, கழுதைய இங்க ஓட்டிக்கிட்டு வா."

"நிறுத்துடி! நல்லா இருந்த வீட்ட… நான்தான் இடதுன்னு சொல்லிட்டேன்ல? பெரியவர் முன்னாடி சொல்லியாச்சு!"

"நீ சொன்னா ஆச்சா? உன்ன யாரு கேட்டா?"

"உன்ன யாருடி கேட்டா?"

கிழவர் இரண்டு தடவை கைத்தடியைத் தட்டிப் பார்த்தார். ஒருத்தியும் திரும்பவில்லை. நூன்கிஷு கோடரியைப் பிடுங்கப் போக, அவள் மறுக்க, இரண்டு பேரும் சேர்ந்து சாய்ந்ததில் மிச்சமிருந்த சுவரும் கூரையோடு உட்கார்ந்துவிட்டது. புழுதி அடங்கியபோது குப்பைமேட்டின் நடுவே இரண்டு பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாதபடி கிடந்தார்கள். ஓலே தெபேஸ் குடுக்கையிலிருந்த பாலைத் தானே ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஒரு வாசல் போதும்," என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பினார்.

பொழுது சாய ஆரம்பித்திருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மெபுகோரி தோளிலிருந்த கம்பத்தை இறக்கி வைத்துவிட்டு இந்தக் குவியலையும் அந்தக் கழுதைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பொண்டாட்டி," என்றார் பரிதாபமாக. "ஒரு வீடு கூட இல்ல. மழை வருது. நான் எங்க படுக்கிறது?"

நூன்கிஷு தலையிலிருந்த சாணியைத் தட்டிக்கொண்டே எழுந்து நின்று, ரெசியாதோவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"வாடி," என்றாள். "முதல்ல ஒரு வீட்டக் கட்டுவோம். அது யாரோடதுன்னு காலையில சண்ட போட்டுக்கலாம்."